மகாலட்சுமி மைதானத்தில் ஒரு மாலை

மும்பையில் வாழும் நம்மவர்க்கு மகாலட்சுமி என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது கடலோரத்துக் கோயில். அடுத்தது, ரயில் நிலையத்தையொட்டிய பாலத்தின்மேல் நின்றால் கீழே விரிந்து தோன்றும் சலவைத் துறை. குதிரைப் பந்தய மைதானம் மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வரும். 1883-ஆம் ஆண்டு முதல் பந்தயங்கள் நடைபெற்று வரும் அவ்வெளி இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்டது. நெருக்கமே இயல்பாகிவிட்ட இப்பெருநகரில் இவ்வளவு வானத்தை ஒருசேரக் காணக் கிடைக்கும் இடங்கள் சிலவே. பந்தயத்தில் பணம் கட்டும் வழக்கமோ வசதியோ எங்கள் குடும்பங்களில் இல்லாமையால், ஐம்பது வயதைக் கடந்தும் அதனுள் நாங்கள் அடியெடுத்து வைத்ததில்லை. 2025-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், சனிக்கிழமை மாலைதான் அவ்வாய்ப்பு நேர்ந்தது. நாங்கள் சென்றது குதிரைகளைக் காண்பதற்கன்று. கன்ஸ் அன் ரோசஸ் என்னும் அமெரிக்க ராக் இசைக் குழுவைக் காண்பதற்கு.

வாசகர்களுள் மூத்தோர் இவ்விடத்தில் புருவம் உயர்த்துவர் என்பதை அறிவோம். எங்கள் அன்னையரும் அவ்வாறே உயர்த்தினர். நாங்கள் ஐவர், மாட்டுங்காவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எங்கள் தந்தையர் அலுவலக வேலை தேடி அந்நாளைய பம்பாய்க்கு வந்தவர்கள். சண்முகானந்தா சபையின் கச்சேரிகளுக்குப் பெரியவர்கள் எங்களையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வார்கள். கல்லூரி நாட்களில் எங்கள் காதுகள் வேறு திசையிலும் திரும்பின. காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் என்னும் இசைக் கடையில் (அது 2016-இல் மூடப்பட்டது) ஐவரும் காசு சேர்த்து ஓர் ஒலிநாடா வாங்குவோம். திங்கட்கிழமை ஒருவர் வீடு, செவ்வாய்க்கிழமை மற்றொருவர் வீடு என்று அது சுற்றிவரும். “இது பாட்டா, சண்டையா?” என்று ஒரு தாயார் கேட்டது இன்றும் எங்களுக்குள் வழங்கிவரும் வாசகம்.

அந்த அன்னையின் கேள்வி அக்குழுவைப் பொறுத்தவரை முழுவதும் பிழையன்று. 1985-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றிய குழு அது. 1987-இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே உலகப் புகழ் எய்தியது. அத்தொகுப்பில் வாசித்தவர்கள் ஐவர்: பாடகர் ஆக்சல் ரோஸ், கித்தார்க் கலைஞர்கள் ஸ்லாஷ், இஸ்ஸி ஸ்ட்ராட்லின், தாழ்சுருதிக் கித்தார் வாசிக்கும் டஃப் மக்கேகன், முரசுக் கலைஞர் ஸ்டீவன் ஆட்லர். புகழ் வந்த வேகத்திலேயே பிளவும் வந்தது. ஆட்லர் 1990-இல் நீக்கப்பட்டார். இஸ்ஸி 1991-இல் விலகினார். ஸ்லாஷ் 1996-இலும் டஃப் 1997-இலும் வெளியேறினர். குழுவின் பெயர் யாருக்கு உரியது, இசை எத்திசையில் செல்வது என்பன போன்ற பூசல்களே காரணம். ஆக்சல் மட்டும் வேறு கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் பாடிவந்தார். 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்கள் இந்தியாவுக்கு வந்தபோது மும்பை நிகழ்ச்சிக்கு எங்களுள் இருவர் சென்றிருந்தோம். பெயர் இருந்தது, பாட்டுகளும் இருந்தன. எனினும் ஸ்லாஷும் டஃபும் நிற்கவேண்டிய இடங்களில் வேறு முகங்களைக் கண்டு, திருமண வீட்டுக்குச் சென்று மணமக்களைக் காணாது திரும்பியவர்போல் திரும்பினோம்.

மீண்டும் சேர்வீர்களா என்று 2012-இல் ஒருவர் கேட்டதற்கு, இப்பிறவியில் இல்லை என்ற பொருள்பட ஆக்சல் மறுமொழி கூறினார். நான்கே ஆண்டுகளில் அம்மறுமொழியையே தலைப்பாக வைத்து மூவரும் சேர்ந்து உலகப் பயணம் புறப்பட்டது இசையுலகம் அறிந்த செய்தி. 2016 ஏப்ரல் முதல் நாளன்று, தாங்கள் இளமையில் பாடிய லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சிறிய அரங்கொன்றில் அவர்கள் ஒன்றாக மேடையேறினர். 2019 வரை நீடித்த அப்பயணத்தில் 58 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. பணத்துக்காகத்தான் சேர்ந்தார்கள் என்று ஏளனம் செய்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் பணத்தால் பிரிந்தவர்களை நாங்கள் அருகிலிருந்து கண்டவர்களாதலால், பணம் சிலரைச் சேர்த்தும் வைக்கிறதென்றால் அதனைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை.

அவ்வாறு பிரிந்தவர்கள் எங்கள் ஐவருள் இருவரே. ஒருவர் இப்போது முலுண்டில் இருக்கிறார், மற்றவர் புணேயில். லாமிங்டன் சாலையில் கணினி உதிரிப் பொருள் கடையொன்றை இருவரும் கூட்டாக நடத்தினர். 2007-இல் கணக்கில் கருத்து வேறுபாடு எழுந்தது. பேச்சு தடித்தது, வக்கீல் அறிவிப்புகள் சென்றன, கடை கைமாறியது. அதற்குப் பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மற்ற மூவராகிய நாங்கள் செய்தது என்ன? ஒருவரிடம் மற்றவரைப்பற்றிப் பேசாதிருந்தோம். அதுவே பண்பு என்று எண்ணினோம். பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அது பண்பென்று தோன்றவில்லை. எங்களுக்குத் தொல்லை வேண்டாம் என்ற சோம்பல் என்றே தோன்றுகிறது.

மும்பை நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டவுடன் துணிந்து நான்கு டிக்கெட்டுகள் வாங்கினோம். ஐந்தாமவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இருவரையும் ஏமாற்றி அழைக்கவில்லை. மற்றவரும் வருவார் என்று இருவரிடமும் கூறியே அழைத்தோம். முலுண்ட் நண்பர், “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். புணே நண்பர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “ஸ்லாஷ் வர்றாரா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை நாலரை மணிக்கு மகாலட்சுமி நிலையத்துப் பாலத்தில் கூடுவதாக ஏற்பாடு. மே மாதத்துப் புழுக்கம் உடலைப் பிழிந்தது. கீழே சலவைத் துறையில் வெண்ணிற விரிப்புகள் வரிசை வரிசையாக அசைந்தன. முலுண்ட் நண்பர் முதலில் வந்தார். முழங்கால் வலியினால் சற்றுச் சாய்ந்து நடந்தார். பத்து நிமிடத்தில் புணே நண்பர் வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. இருவரும் எதிரெதிரே நின்றனர்.

“வாங்க. எப்படி இருக்கீங்க?” என்றார் ஒருவர்.

“நல்லா இருக்கேன். நீங்க?” என்றார் மற்றவர்.

அரைக்கால் சட்டை அணிந்த நாள் முதல் ‘டா’ போட்டு அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பதினெட்டு ஆண்டு மௌனத்தைவிட அந்த மரியாதை எங்களை அதிகம் சுட்டது. நம் மொழியில் மரியாதைக்கென ஒரு சொல்லுருவம் உண்டு. வேற்றாள் ஆக்கிவிடுவதற்கும் அதே உருவந்தான் பயன்படுகிறது.

மைதானத்தை நோக்கி நடந்தோம். சாலை முழுவதும் கறுப்புச் சட்டைகள். அவற்றின்மேல் மண்டையோடுகளும் ரோஜா மலர்களும். ஸ்லாஷைப்போல் உயர்ந்த கறுப்புத் தொப்பி அணிந்த இளைஞர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே நடந்தனர். நுழைவாயில் வரிசையில் எங்களுக்கு முன்னே நின்றவர்கள் ஷில்லாங்கிலிருந்து வந்த அறுவர். அந்த மலை நகரில் ராக் இசை வீட்டுச் சொத்துப்போல என்பதைக் கேள்விப்பட்டிருந்தோம், அன்று கண்டோம். குவாஹாத்தி வரை சாலை வழி வந்து, அங்கிருந்து இரண்டு நாளுக்கு மேல் ரயிலில் பயணம் செய்து வந்திருந்தனர். பின்னே ஒரு மராத்தியத் தந்தையும் பள்ளிச் சிறுமியான அவர் மகளும். பெயரையோ ஊரையோ யாரும் முதலில் கேட்கவில்லை. “முதன்முதல் எப்போது கேட்டீர்கள்?” என்பதே அங்கே ஒருவரையொருவர் வினவும் முறை. கேசட் என்றான் ஒருவன். அண்ணனின் அறை என்றாள் ஒருத்தி. கைப்பேசி என்றாள் அச்சிறுமி. இந்தியும் ஆங்கிலமும் மராத்தியும் காசியும் கலந்து ஒலித்த அவ்வரிசையில் நாங்கள் அந்நியராக உணரவில்லை.

உள்ளே சென்றதும் அவ்வெளியின் பரப்பு எங்களை வாயடைக்கச் செய்தது. கிழக்கே லோயர் பரேல் பக்கம் வானளாவிய கட்டடங்கள் விளக்கேற்றத் தொடங்கியிருந்தன. எங்கள் சிறுவயதில் அத்திசையில் ஆலைப் புகைபோக்கிகள் நின்றன. 1982-இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நகரமும் தன் பழைய கூட்டாளிகளை இழந்துதான் இவ்வுருவை எய்தியிருக்கிறது.

குழுவினர் மேடையேறியபோது எழுந்த ஆரவாரத்தை எழுத்தில் தர இயலாது. மேடையில் எழுவர் இருந்தனர். ஆதி ஐவருள் மூவரே. முரசு வாசித்த ஐசக் கார்ப்பென்டர் அவ்வாண்டுதான் குழுவில் சேர்ந்தவர். ஆக்சலுக்கு வயது 63. இளமையில் உச்சத்தில் நின்று சுழன்ற குரல் சில இடங்களில் இளைத்தது. அவர் எட்டாத இடங்களைக் கூட்டம் பாடி நிரப்பியது. ஸ்லாஷின் விரல்களுக்கோ வயதேயில்லை. அவர் கித்தாரை மீட்டிக்கொண்டிருக்கையில் ஆக்சல் சற்று விலகி நின்று வழிவிட்டார். இருபதாண்டுப் பகைக்குப் பின் ஒருவர் மற்றவருக்கு இடம் விட்டு நிற்பதைக் காண்பதற்காகவே அவ்வளவு பேரும் வந்தனர்போலும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றதில் எங்கள் கால்கள் மரத்துப்போயின. ஆக்சல் பியானோவின்முன் அமர்ந்து, ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீளும் ‘நவம்பர் ரெயின்’ பாட்டைத் தொடங்கினார். 1991-இல் அத்தொகுப்பு வந்தபோது எங்கள் ஒலிநாடா அதிகம் தேய்ந்தது அவ்விடத்தில்தான். மைதானமெங்கும் கைப்பேசி விளக்குகள் உயர்ந்தன. முலுண்ட் நண்பர் மட்டும் கையை உயர்த்தவில்லை. இரு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஷில்லாங் இளைஞன் ஒருவன் அதனைக் கண்டு தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். அதனை வாங்கிக்கொடுத்தவர் புணே நண்பர்.

“கால் வலிக்குதாடா?” என்றார்.

“பின்னே? உட்கார்ற டிக்கெட் எடுக்கலாம்னு அப்பவே சொன்னேன். எவன் கேட்டான்?”

“என்மேல சாஞ்சுக்கோ. பேசாம பாட்டைக் கேளு.”

சாய்ந்துகொண்டார். பியானோவுக்குப்பின் கித்தார் எழுந்தது. நாங்கள் இருவரும் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கலைந்துவிடுமோ என்ற அச்சம்.

திறந்தவெளியில் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் உள்ள பொது விதி. ஆகவே ஊர் உறங்குமுன் கூட்டம் கலைந்தது. ஷில்லாங் நண்பர்களிடம் விடைபெற்று ரயிலேறினோம். நெரிசலில் நின்றவாறே இருவரும் பழைய பாட்டுகளின் வரிசையைப்பற்றி வாதிட்டுக்கொண்டு வந்தனர். கடைக் கணக்கைப்பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. அது தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும், இன்றும் தீரவில்லை. தாதரில் இறங்கிப் புணே பேருந்தைப் பிடிக்கவேண்டியவர் எங்களுடன் இறங்கினார். “இந்நேரத்துக்கு மேல என்ன பஸ்? வீட்டுக்கு வா” என்றார் முலுண்ட் நண்பர். இருவரும் மத்திய ரயில்பாதை மேடையை நோக்கி, ஒருவர் நொண்ட மற்றவர் அவருக்காக நடையைக் குறைக்க, படியேறிச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலையில் மஸ்கட் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். என்னென்ன பாடினார்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு.

“டா போட்டுப் பேசினாங்களா?”

“பேசினாங்க” என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மிடையே அண்ணன் தம்பியைவிட அண்டை வீட்டுத் தோழரே உறவாக வளர்கின்றனர். அவ்வுறவு முறிந்தால் கூட்டிவைக்கத் தாய்மாமனோ பெரியப்பாவோ இங்கில்லை. எஞ்சிய நண்பர்களே அக்கடமையை ஏற்கவேண்டும். அதற்கு ராக் இசைதான் வேண்டுமென்பதில்லை; கோயில் விழாவோ கச்சேரியோ போதும். மூவராகிய நாங்கள் பதினெட்டு ஆண்டுகள் தாமதித்தோம். அன்பர்கள் அவ்வளவு காலம் தாமதிக்க வேண்டாம்.