கூடத்து மூலையில் ஓர் இரைச்சல்

குழந்தை தூங்கும் நேரம்தான் தாய்க்கு ஓய்வு நேரம் என்பார்கள். எனக்கோ அதுதான் வேலை நேரம்! தி.நகரில் உள்ள ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே புத்தகப் பக்கங்கள் அமைத்துக் கொடுக்கிறேன். மயிலாப்பூரில் எங்களுடையது ஒரே படுக்கையறை உள்ள ஃபிளாட். அறையில் மாமனார், மாமியார், கூடத்தில் நாங்கள். பாப்பாவின் தூளியும் அங்கேதான், என் கம்ப்யூட்டரும் அங்கேதான்.

சென்ற சித்திரையில் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்தது. பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்து அழுவாள். பழுது பார்க்க வந்தவர், "பழைய மெஷின் மேடம், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தை ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குழந்தை தூக்கத்தைவிட அந்தப் பணம் பெரிசாம்மா? கொஞ்ச நாள் விட்டுடேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. இரவில் படுக்கும் அறையில் தொடர்ந்து கேட்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 1999-ல் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் வேலையை விட்டால் மீண்டும் கிடைக்குமா? பாப்பாவுக்குத் தூக்கமும் வேண்டும், எனக்கு வேலையும் வேண்டும். என்ன செய்வது?

அடையாற்றில் இருக்கும் என் தம்பியை வரவழைத்தேன். "பழைய போர்வையைப் போட்டு மூடிடலாமாடா?" என்று அத்தை கேட்டதும் அவன் சிரித்தான். "ஜுரம் வந்தவனுக்குக் கம்பளி போத்தற மாதிரி ஆயிடும் அத்தை. உள்ளே சூடு ஏறுது, அதை வெளியே தள்ள முடியாம ஃபேன் வேகமா சுத்துது. அந்தச் சத்தம்தான் இது. சூடு வெளியே போக வழி பண்ணிட்டா, சத்தம் தானா அடங்கிடும்."

கம்ப்யூட்டர் என்றாலே குளிர்சாதன அறைதான் என்றிருந்த காலம் உண்டு. அடையாற்றுப் பக்கத்து ஐ.ஐ.டி.க்கு 1973-ல் வந்த ஐ.பி.எம். 370 அப்படிப்பட்டதுதான். அதைவிட வேகமான இயந்திரம் இன்று நம் கூடத்து மூலையில், அக்கினி நட்சத்திர வெயிலில் வேலை செய்கிறது. போதாததற்குத் தெருப் புழுதி, ஈரப்பதமான கடற்காற்று. தூசி அப்பிக்கொள்ளக் கேட்பானேன்!

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைப் பால்கனிக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். விசிறியிலும் அதன் கீழ் உள்ள உலோகத் தகடுகளிலும் தூசி பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. கொலு பொம்மை துடைக்கும் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தேன். அப்போது விசிறி சுழலாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் வரும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

பிராசஸருக்கும் அதன் மேலிருக்கும் உலோகக் கட்டிக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. தம்பி ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிய பேஸ்ட்டும் ஒரு விசிறியும் வாங்கி வந்தான். எல்லாமாக ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. பழைய பேஸ்ட்டைத் துடைத்தெடுத்துவிட்டு, பட்டாணி அளவு புதியதை வைத்தோம்.

பின்பக்கம் இருந்தது 80 மில்லிமீட்டர் விசிறி. 120 மில்லிமீட்டருக்கும் பெட்டியில் துளைகள் இருந்ததால் பெரியதைப் பொருத்தினான். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும். வேகம் பாதியானால் ஒரு விசிறியின் ஓசை சுமார் 15 டெசிபல் குறையுமாம். பிறகு பயாஸ் என்ற அமைப்புக்குள் போய், கொஞ்சம் சூடு ஏறியதுமே விசிறி பாய்ந்து ஓடாமல், படிப்படியாக வேகம் எடுக்கும்படி மாற்றினான். ஒரு மணி நேரம் வேலை செய்யவைத்து, சூடு அளவோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விட்டான்.

மீதியிருந்த உறுமலுக்குக் காரணம் மேஜை! வீணையின் குடம் நாதத்தைப் பெருக்குவதுபோல, பெட்டியின் அதிர்வை மரமேஜை பெருக்கிக் கொண்டிருந்தது. தேய்ந்த ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் வைத்தேன். அன்று இரவு பாப்பா அசையவில்லை. மறுநாள் அத்தை, "நேத்து வேலை செய்யலையா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பதினெட்டுப் பக்கம் முடித்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி இரைந்தால் உடனே புதிது வாங்கக் கிளம்பாதீர்கள். 'கரகர'வென்று உராயும் சத்தம் கேட்டால் மட்டும் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கலாம், மாற்றிவிடுங்கள். விசிறி சுற்றாமலே பெட்டி அமைதியாக இருந்தால் அது நல்ல அமைதி அல்ல. உடனே அணைத்துவிட வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, கோடை தொடங்கும் முன்பும் ஆயுத பூஜைக்கும், தூசி தட்டினால் போதும். அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் அன்று சந்தனம், குங்குமம் வைக்கிறோமே, அந்த வரிசையில் நமக்குச் சோறு போடும் இந்தப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பொட்டு வைப்பதற்கு முன்னால், உள்ளே திறந்து ஒரு தடவை துடைத்துவிடுங்கள்!