வாப்பாவின் மெஷின் ஓடும் நேரம்

1990இல் நானா டுபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது கொண்டு வந்த சாமான்களுக்குள் ஒரு வீடியோ டெக்கும் ஆறு கசெட்டுகளும் இருந்தன. நாலு கசெட் ஹிந்திப் படம். மற்ற இரண்டிலும் நீல மையால் ஆங்கிலத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது. போட்டுப் பார்த்தோம். ஒரு வெள்ளைக்காரர் ட்ரம்ஸ் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கதைத்துக் கொண்டிருந்தார். கொஞ்சம் அடித்தார். பிறகும் கதைத்தார். உம்மம்மா பொறுமையாக இருந்து பார்த்துவிட்டு, "இவன் எப்ப பாட்டுப் படிக்கப் போற?" என்று கேட்டா.

அந்த இரண்டும் நானாவோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருடையவை. ஹோட்டலொன்றின் இசைக் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர். வேலை முடிந்து நாட்டுக்குப் போகும்போது பொதியின் பாரம் கூடிவிட்டதால் கசெட்டுகளை நானாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானாவுக்கு அவற்றில் எந்த அக்கறையும் இல்லை. மேலால் வேறு படம் பதிக்கலாம் என்றுதான் கொண்டு வந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. உயர்தரம் படித்துக் கொண்டிருந்தேன், அதாவது படிப்பதாக வீட்டில் சொல்லிக் கொண்டிருந்தேன்.

ஒரு கசெட் ஸ்டீவ் காட் என்பவருடையது. 1983இல் வெளிவந்த 'அப் க்ளோஸ்'. நியூயோர்க்கில் ட்ரம்ஸ் பள்ளிக்கூடம் நடத்திய ரொப் வாலிஸ், போல் சீகல் என்ற இருவர் தயாரித்தது. மற்றது டோட்டோ என்ற அமெரிக்கக் குழுவின் ட்ரம்ஸ்காரர் ஜெஃப் போர்காரோ நடத்திய பாடம். இரண்டுமே மூலக் கசெட் அல்ல, கொப்பி. இந்தத் தகவல்களையெல்லாம் நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு. அப்போது எனக்கு ஒருவர் தாடிக்காரர், மற்றவர் போர்காரோ. அவ்வளவுதான்.

எங்கள் ரீவியில் அவர்கள் கறுப்பு வெள்ளையில்தான் வந்தார்கள். அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் அப்போது இருந்த வீடியோ முறை என்ரிஎஸ்சி. நமது நாட்டில் பால். அது 525 கோடு, இது 625 கோடு. டெக் இரண்டு முறையையும் வாசிக்கும், ஆனால் ரீவிக்கு ஒரு பாஷைதான் தெரியும். நிறம் போய்விடும், படமும் கீழிருந்து மேலாக உருண்டு கொண்டேயிருக்கும். ரீவியின் பின்னாலுள்ள ஒரு சின்னக் குமிழைத் திருகிப் பிடித்தால் படம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மீண்டும் உருளும். ஒரு கை குமிழில், மற்றக் கை மேசையில். எனது முதல் ஆறு மாதப் பயிற்சி இப்படித்தான் ஒற்றைக் கையால் நடந்தது.

ட்ரம்ஸ் செட் ஏது? பிஸ்கட் டின் ஒன்று, பழைய டெலிபோன் டிரெக்டரி ஒன்று, உம்மாவின் பஞ்சுத் தலையணை ஒன்று. தச்சு வேலை செய்யும் கூட்டாளி ஒருவன் கொய்யாக் கம்பில் பதினாறு அங்குலத்தில் இரண்டு குச்சி சீவித் தந்தான். பாதத்தால் அடிக்கும் பெரிய ட்ரம்முக்கு, சீமெந்துத் தரையும் இறப்பர் செருப்பும்.

கைகளின் சத்தத்தைத் தலையணை விழுங்கிவிடும். செருப்பின் சத்தத்தை விழுங்க எதுவும் இல்லை. வாப்பா தையல்காரர். முன்னறையில்தான் மெஷின். கால் மிதியால் ஓடும் பழைய சிங்கர். மெஷின் ஓடும்போது மட்டும் நானும் காலை அடிப்பேன். அது நிற்கும்போது நானும் நிற்பேன். காற்சட்டைக் கால் நீளமான தையல், எனக்கு நல்ல நேரம் கிடைக்கும். சட்டைக் கொலர் துண்டு துண்டாக வரும், அன்றைக்குப் பாடம் உருப்படாது. பெருநாள் நெருங்கும்போது இரவு இஷாவுக்குப் பிறகும் மெஷின் ஓடும். நோன்பு மாதத்தில் எனது கால் நன்றாகத் தேறியது என்று சொன்னால் ஆலிம்சாமார் மன்னிக்க வேண்டும்.

இசை ஆகுமா ஆகாதா என்ற வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. தஃப் மட்டும் ஆகும் என்பவர்களும், அதுவும் வேண்டாம் என்பவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள், இருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலேயே அப்பாவின் றபான் ஒன்று தோல் விரிந்து தொங்கிக் கொண்டிருந்தது. கந்தூரிக்கு வரும் பக்கீர்மாரோடு சேர்ந்து அவர் அதைத் தட்டிப் பைத் படித்தவராம். வாப்பா அதைக் கழற்றவும் இல்லை, தொட்டதும் இல்லை. எனது விடயத்திலும் அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயம்.

ஒருநாள் மஃரிபுக்குச் சற்று முன், மெஷின் சீராக ஓடிக் கொண்டிருந்தது. நானும் ஓடிக் கொண்டிருந்தேன். எப்போது அது நின்றது என்று தெரியாது. வீடே அமைதியாகிவிட்ட பிறகும் எனது செருப்பு மட்டும் தனியே தரையில் அடித்துக் கொண்டிருந்தது. விளங்கி நிறுத்துவதற்குள் நாலைந்து சுற்றுப் போயிருக்கும். தொண்டை வரண்டு போய் உட்கார்ந்திருந்தேன். முன்னறையிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது.

"வர வர ஓட்டமாப் போற மகன். மெல்ல."

அவ்வளவுதான். மெஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

ட்ரம்ஸ் பழகும் எவருக்கும் முதலில் வரும் நோய் அதுதான். கைக்குப் பழகப் பழக வேகம் தன்பாட்டில் கூடும், அடிப்பவனுக்கு அது தெரியாது. கசெட்டில் இருந்த இருவராலும் எனக்கு இதைச் சொல்ல முடியவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வாப்பா இது பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நானும் செருப்பை மெஷினோடு ஒளித்து அடிப்பதை விட்டுவிட்டு, அதற்கு ஒத்து அடிக்கப் பார்த்தேன். மெட்ரனோம் என்றொரு கருவி இதற்கென்றே இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

போர்காரோவின் கசெட்டில் என்னைப் பிடித்து வைத்திருந்தது 'ரோசானா' என்ற பாட்டின் தாளம். 1982இல் வந்த பாட்டு. தகிட என்று நாலு தடவை சொல்லிப் பாருங்கள். 'த'வும் 'ட'வும் வலது கை. நடுவிலுள்ள 'கி' இடது கை, அது கேட்டும் கேளாமலும் இருக்க வேண்டும், குச்சி தோலிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. கோஸ்ட் நோட் என்பார்கள். மூன்றாவது தகிடவின் 'த'வில் மட்டும் அதே இடது கை ஓங்கி விழ வேண்டும், விழுந்த மறுகணமே ஒன்றும் நடவாததுபோல 'கி'யை முணுமுணுக்க வேண்டும். ஏசிவிட்டு உடனே இரகசியம் சொல்வது போல. இடது கைக்கு இந்தக் குணம் வர எனக்கு ஒரு வருடம் எடுத்தது. கசெட்டை மெதுவாக ஓட விட்டுப் பார்க்கலாம் என்றால், மெதுவாக ஓடும்போது சத்தம் வராது, படத்தில் வெள்ளைக் கோடுகள் விழும். சத்தமில்லாமல் கையைப் பார்த்து மனதுக்குள் தகிட சொல்லிக் கொள்வேன்.

1991இல் தாத்தாவின் கலியாணம். சவூதியிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் தோளில் வைத்துப் பிடிக்கும் வீடியோ கமராவோடு சுற்றிக் கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரது கசெட் முடிந்துவிட்டது. சாச்சாவின் சின்ன மகன் ஓடிப் போய் டெக்கின் மேலிருந்த கசெட்டைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். கடையில் விற்கும் கசெட்டுக்கு மேலால் பதிக்க முடியாதபடி விளிம்பிலுள்ள சிறு தகடு உடைக்கப்பட்டிருக்கும். கொப்பியில் அது உடைபடாமல் இருந்தது. நானோ முதல் நாள் இரவு பார்த்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் சுற்றாமல் எடுத்து வைத்திருந்தேன். ஆகவே, நான் படித்துக் கொண்டிருந்த இடம் எதுவோ அந்த இடத்திலிருந்தே கலியாணம் பதிவாகிவிட்டது.

கலியாண வீடு ஓய்ந்து மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் போர்காரோ அந்தத் தாளத்தைப் பிரித்துக் காட்டத் தொடங்குகிறார். குச்சியை உயர்த்துகிறார். திடீரென்று ரீவி முழுக்க நிறம்! எங்கள் முற்றம், பச்சைப் பந்தல், சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மச்சான்மார். இருபத்தைந்து நிமிடம் அப்படியே போய், மீண்டும் கறுப்பு வெள்ளை. அப்போது போர்காரோ எங்கேயோ போய்விட்டிருந்தார்.

நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். புதுப்பெண் தாத்தாவோடு இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவ என்ன செய்வா, பாவம். காலுக்குரிய பாடம் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு அடியில் போய்விட்டது. கைகளுக்குப் பொருத்தமாக நானே ஒரு காலைக் கற்பித்துக் கொண்டேன்.

1994இல் கண்டியில் ஒரு மண்டபத்தில் குழுவொன்று பயிற்சி செய்வதாகக் கூட்டாளி கூட்டிக் கொண்டு போனான். முதன்முதலாக உண்மையான ட்ரம்ஸ் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். கைகள் இரண்டும் செத்துவிட்டன. எனக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய ஹை-ஹெட் இடப்பக்கம் இருந்தது. எல்லாமே மறுபக்கம். அந்தக் குழுவின் ட்ரம்ஸ்காரர், வயதான ஒரு சிங்களவர், பார்த்துக் கொண்டிருந்துவிட்டு நான் இடது கைக்காரனா என்று கேட்டார். இல்லை என்றேன். யார் படிப்பித்தது என்றார். ரீவி என்றேன். ஒரு நிமிடம் யோசித்தவர், கதிரையைப் பிடித்துக் கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியில் பார்ப்பவன் செய்வதுபோல, எதிரே இருப்பவரின் இடது பக்கத்தை எனது வலது பக்கமாக நான்கு வருடம் பழகியிருந்தேன்.

பிறகு அவரே எல்லாவற்றையும் கழற்றி எனக்காக மாற்றி வைத்தார். அதை நான் மறக்கவில்லை. ரோசானாவை அடித்தேன். கை சரி என்றார். கால் பிழை என்றார். சரியான காலை அடித்துக் காட்டினார். எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து ரீவியை உம்மாவின் அலுமாரிக்கு எதிரே திருப்பி வைத்தேன். அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. ரீவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன். எழுத்துகள் தலைகீழாக அல்ல, இடம் வலமாகத் திரும்பித் தெரியும். கைகள் சரியாகத் தெரியும். பழகியதை மறப்பது பழகுவதைவிடக் கஷ்டம். 1996இல் மின்சார வெட்டு வந்து நாளில் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போனபோது, எனக்கு அது ஓய்வாகவே இருந்தது. பிறகு வேலை, கலியாணம், பிள்ளைகள். நான் ட்ரம்ஸ்காரன் ஆகவில்லை. சில கலியாண ஹோல்களில் நண்பர்களோடு அடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வாப்பா 2003இல் மௌத்தானார்.

2009இல் ஒருநாள் காரியாலயக் கம்பியூட்டரில் போர்காரோவின் பாடம் கிடைத்தது. நிறத்தில். எங்கள் கலியாணத்துக்கு அடியில் கிடந்த பகுதியும் இருந்தது. அந்தத் தாளம் தனது சொந்தம் இல்லை என்கிறார் மனிதர். பேர்னார்ட் பேர்டி 1977இல் ஸ்டீலி டானுக்கு அடித்ததிலிருந்தும், ஜோன் பொன்ஹம் 1979இல் லெட் செப்பலினுக்கு அடித்ததிலிருந்தும் எடுத்து, காலுக்குப் போ டிட்லியின் தாளத்தைச் சேர்த்தாராம். பதினெட்டு வருடம் தேடிய கால். பார்த்து முடித்துவிட்டு ஒரு தேநீர் குடிக்கப் போனேன். போர்காரோ 1992இலேயே, முப்பத்தெட்டு வயதில் இறந்துவிட்டார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். கண்டியில் நான் கதிரையில் உட்கார்ந்து விழித்தபோது அவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது.

அன்றிரவு வேறொன்று ஞாபகம் வந்தது. வாப்பா படம் பிடிக்க விடாதவர். அடையாள அட்டையிலுள்ள படத்தைத் தவிர அவருடைய படம் எங்களிடம் இல்லை. அந்தக் கசெட்டில் ஓரிடத்தில் வாப்பா வருகிறார் அல்லவா?

தேடினோம். உம்மாவின் அலுமாரியின் அடித் தட்டில் கிடந்தது. மலைநாட்டு ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். டெக் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பூஞ்சணம் பிடித்த கசெட்டை எவரும் தங்கள் டெக்கில் போட விடமாட்டார்கள், அது தலையைப் பாழாக்கும். நாளைக்கு நாளைக்கு என்று நானும் விட்டுவிட்டேன். 2016இல் வீடியோ டெக் செய்து கொண்டிருந்த கடைசி ஜப்பான் கம்பனியும் உற்பத்தியை நிறுத்திவிட்டது என்று செய்தியில் வாசித்த பிறகுதான் பயம் பிடித்தது. கொழும்பில் இப்படியான வேலை செய்யும் ஒரு கடையைக் கண்டுபிடித்துக் கொண்டு போனேன். கடைப் பையன் நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தான். ஒரு கிழமை எடுத்தது.

"மௌலானா, முன்னுக்குக் கறுப்பு வெள்ளையில் யாரோ மேளம் அடிக்கிறார். அதை வெட்டிவிடவா?" என்று போனில் கேட்டான். எனக்குத் தாடி இருப்பதால் அவன் என்னை அப்படித்தான் கூப்பிட்டான்.

வெட்ட வேண்டாம் என்றேன்.

வாப்பா வருவது முப்பது செக்கனும் இருக்காது. சஹன் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டு பந்தலுக்குள் வருகிறார். கமராவைக் காண்கிறார். கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்ல முடியாது, கையில் சஹன். தலையை மட்டும் அசைக்கிறார். குனிந்து சஹனை வைத்துவிட்டு, நடந்து படத்துக்கு வெளியே போய்விடுகிறார். வேகம் இல்லாத நடை.

தாத்தா இப்போது மாவனல்லையில் இருக்கிறா. வட்ஸ்அப்பில் முழுவதையும் அப்படியே அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் எடுத்தா. வாப்பாவைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளின் பாடசாலை, அரிசி விலை, தனது முழங்கால். வைக்கப் போகும்போதுதான் கேட்டா.

"அது சரி, எங்கட கலியாணத்துக்கு முன்னுக்கு ஈக்கிற அந்த வெள்ளக்காரன் ஆரு?"