குளோரின் நாற்றமா, நம் நாற்றமா?

நம் செட்டிநாட்டில் ஊருணி குடிப்பதற்கு. அதில் கால் நனைத்தாலே பெரியவர்கள் விரட்டுவார்கள். நீச்சல் பழகக் கண்மாயும் கேணியும் இருந்தன. இன்று கண்மாய் வறண்டு கிடக்க, விடுதிகளாகிவிட்ட பழைய வீடுகளின் பின்கட்டில்கூட நீலநிற நீச்சல் குளங்கள் மின்னுகின்றன.

என் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு உண்டு. நீச்சல் நல்லது என்று மருத்துவர் சொன்னதால், பக்கத்து நகரில் கூரை போட்ட குளம் ஒன்றில் சேர்த்தோம். ஒரு மாதத்தில் கண் சிவந்தது, இரவெல்லாம் இருமல். "அந்த மருந்துத் தண்ணியில பிள்ளைய இனி எறக்காதீக" என்றார் அப்பத்தா. அப்பாவும் நிறுத்திவிடலாம் என்றார். வேதியியல் படிக்கிறவன் என்பதால் என்னைக் கேட்டார்கள்.

மருந்தின்மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கியது. அந்த முறை பரவப் பரவ டைபாய்டும் காலராவும் ஒடுங்கின. உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுக்கும் கலங்களுக்கு டைட்டானியம் மின்முனை செய்து தந்தது நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்து, 1953-இல் திறந்த நிலையம் அது!

நண்பர்களே, ஒழுங்காகப் பேணப்படும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும். அவ்வளவுக்கு நாற்றம் அநேகமாகத் தெரியாது. குளிக்காமல் இறங்குவோரின் வியர்வையோடும், (சொல்லக் கூச்சம்தான்) சிறுநீரோடும் அது சேரும்போது குளோரமின்கள் பிறக்கின்றன. அவற்றுள் டிரைகுளோரமின் எளிதில் ஆவியாகி நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும். நீந்துபவன் மூச்சிழுப்பதும் அங்கேதான். மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் பெரும்பாலும் இவைதாம். கூரையும் அடைத்த சன்னலும் இருந்தால் கேட்க வேண்டாம். இத்தகைய காற்றுக்கும் சிறுவர்களின் இளைப்புக்கும் தொடர்புண்டு என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். எல்லா நாட்டாரும் அதை ஒப்பவில்லை. ஆனால் பயிற்சிக்காக நாள்தோறும் பல மணி நேரம் நீந்தும் வீரர்களிடம் இளைப்பு மிகுதி என்பது தெரிந்த செய்தி.

ஆகவே நீச்சலை நிறுத்தாமல் குளத்தை மாற்றச் சொன்னேன். மருத்துவரும் ஒப்புக்கொண்டார். தம்பி இப்போது திறந்தவெளிக் குளத்துக்குப் போகிறான், இருமல் குறைந்திருக்கிறது. குளிக்காமல் இறங்கிய ஒரு பெரியவரோடு சண்டை போட்டுவிட்டும் வந்தான்.

எனக்குக் கவலை வேறொருவரைப் பற்றி. பழைய குளத்தில் மருந்து கலக்கும் அண்ணன், முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு, பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் அடுத்தடுத்து ஒரே அறையில் வைத்திருந்தார். இரண்டும் கலந்தால் பொங்குவது சுத்தக் குளோரின் வாயு. 1915-இல் ஈப்ரு போர்க்களத்தில் வீரர்களை மூச்சுத் திணறடித்துக் கொன்றது அதுவே. துண்டு அதைத் தடுக்காது. வாளியைத் தனித்தனியாக வையுங்கள் என்றேன். "எடம் எங்க தம்பி இருக்கு?" என்று சிரித்தார்.