கிழிப்பதற்காகத் தைக்கிறவர்கள்

போர்ச்சுகலின் பல்கலைக்கழக நகரமான கோயிம்ப்ராவின் மேட்டுத் தெருக்களில் கறுப்பு அங்கி போர்த்திய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து நடந்தால் போதும், சுற்றுலா வந்தவர்களின் செல்போன்களெல்லாம் உயர்ந்துவிடும். "ஹாரி பாட்டர்" என்ற பெயர் மட்டும் எல்லா நாட்டார் வாயிலிருந்தும் ஒரே மாதிரி வந்து விழும். ஜே.கே. ரௌலிங் 1990களின் தொடக்கத்தில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர். மாயப்பள்ளிச் சீருடையை அங்கே பார்த்த மாணவர் உடுப்பிலிருந்துதான் எடுத்தார் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்கிறார்கள். போர்ட்டோவின் லெல்லோ புத்தகக் கடைப் படிக்கட்டையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்கள். அந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை என்று ரௌலிங் 2020இல் சொன்னார். கடை வாசலில் வரிசை குறைந்தபாடில்லை.

உடுப்பு கதைக்குள் எப்படிப் போனது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அதைத் தைக்கிறவரைப் பார்க்கத்தான் போனேன். மாயப்பள்ளிக் கதையில் அங்கிக் கடைக்காரி அளவெடுத்து, ஊசி குத்தி, பையனை அனுப்பிவிட்டு மறைந்துவிடுவாள். கோயிம்ப்ராவில் அந்த வேலையைச் செய்கிறவர் கடை வாடகை கட்டவேண்டும், மே மாதத்துக்குள் ஆர்டரை முடித்தாக வேண்டும்.

மே மாதம் ஏன் என்றால், பட்டம் முடிக்கிறவர்களின் விழா அப்போதுதான். 'கெய்மா தஸ் ஃபீத்தஸ்' என்கிறார்கள். ரிப்பன் எரிக்கும் விழா. பல்கலைக்கழகம் 1290இல் லிஸ்பனில் தொடங்கி, அங்குமிங்கும் இடம் மாறி, 1537இல் நிலையாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. உடுப்பின் மூலம் பாதிரிமாரின் அங்கி. நீளக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, மேலே கணுக்கால் பக்கம் வரை விழும் போர்வை அங்கி. பெண்களுக்குக் கோட்டும் பாவாடையும்.

தையல்கடை கீழ்நகரத்தில், ஆற்றுப் பக்கமாக இறங்கும் சந்தில் இருந்தது. மருந்தியல் படிக்கும் பிரேசில் மாணவி ஒருத்தி மொழிபெயர்ப்புக்குக் கூட வந்தாள். தையல்காரர் அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் அளவு நாடா, சட்டைக் காலரின் அடியில் குண்டூசிகள். கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, உட்காரச் சொல்லாமல் நேரே மேசைக்கு அழைத்துப் போனார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மேசையில் ஒரு அங்கி பாதி வேலையில் கிடந்தது. தூரத்தில் பார்த்தால் வெறும் கறுப்புத் துணி. கிட்டத்தில்தான் வேலை தெரிகிறது. கழுத்துப்பட்டிக்குக் கீழே முதுகுப் பக்கத் துணி முழுவதையும் சின்னச் சின்ன மடிப்புகளாகச் சேர்த்து, ஒவ்வொரு மடிப்பையும் கையால் தைத்திருந்தார். அந்த இடத்தில் மெஷின் ஓட்டினால் துணி விறைத்து நின்றுவிடுமாம், நடக்கும்போது வீசாது. மடிப்பின் மேல் பெருவிரலை அழுத்தி ஓட்டிக் காட்டினார். இரண்டு மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒரு நெல் அகலம்கூட இல்லை. சாக்குக்கட்டியால் போட்ட கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கறுப்பின் மேல் கறுப்பு நூல் என்பதால் கண்ணுக்கு முன்னால் விரல்தான் தையலைப் பார்க்கிறது. தூக்கிப் பார்க்கச் சொன்னார். தோளில் போட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது, அவ்வளவு கனம்.

"இதைத் துவைக்கக் கூடாது, தெரியுமா?" என்றார். தெரியும். படிக்கும் காலம் முழுவதும் அங்கியைத் தண்ணீரில் போடாமல் வைத்திருப்பது வழக்கம். மழை, பீர், சிகரெட் புகை, அழுகை எல்லாம் அதில்தான் இருக்கவேண்டும். உட்புறத்தில் ஊர்ச் சின்னம், துறைச் சின்னம் என்று துணிச் சின்னங்களைத் தைத்துக்கொள்கிறார்கள். பிறகு வருவது கிழிசல். அங்கியின் கீழ் ஓரத்தைக் கிழிப்பது நெருங்கியவர்களின் உரிமை. குடும்பத்துக்கு ஒரு பக்கம், நண்பர்களுக்கு மறுபக்கம், நடு முதுகு காதலுக்கு. காதல் முறிந்தால் அந்தக் கிழிசலைத் தைத்து மூடிவிட வேண்டும். கறுப்பு நூலால் என்றாள் கூட வந்த மாணவி. துறையின் நிறத்து நூலால் என்றார் தையல்காரர். இருவரும் அதற்காகக் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். அந்தப் பகுதியை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

துறைக்கு ஒரு நிறம் என்பது இங்கே பெரிய விஷயம். மருத்துவத்துக்கு மஞ்சள், சட்டத்துக்குச் சிவப்பு, இலக்கியத்துக்குக் கருநீலம், மருந்தியலுக்கு ஊதா. முனைவர் பட்டம் வாங்குகிறவர்களுக்கு, அந்த நிறப் பட்டில் தோள் மேலாடையும் குஞ்சம் வைத்த தொப்பியும் அணிவித்து, பழைய அரண்மனைக் கூடத்தில் சடங்கு நடக்கிறது. பழைய காலத்தில் திருச்சபைச் சட்டத்துக்குப் பச்சை. தமிழ் அச்சுப் புத்தகமான 'தம்பிரான் வணக்க'த்தை 1578இல் கொல்லத்தில் கொண்டுவந்த அண்டிரிக் அடிகளார் படித்தது இங்கேதான், படித்ததும் அந்தத் திருச்சபைச் சட்டம்தான். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வாழ்ந்து தமிழ் கற்ற மனிதர், அதற்கு முன் இந்த மேட்டுத் தெருவில் கறுப்பு அங்கியோடு ஏறி இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தையல்காரரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அவர் அங்கி இங்கே தைத்ததா என்று கேட்டார். வியாபாரி.

எல்லாம் அறுபடாமல் வந்த மரபு என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1969 ஏப்ரல் 17 அன்று புதிய கணிதக் கட்டடத் திறப்பு விழாவில், சர்வாதிகார ஆட்சியின் குடியரசுத் தலைவர் முன்னால் மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்த்து மார்ட்டின்ஸ் எழுந்து பேச அனுமதி கேட்டார். கொடுக்கவில்லை. அன்றிரவே கைது. மாணவர்கள் வகுப்பையும் பிறகு தேர்வையும் புறக்கணித்தார்கள், துக்கம் அறிவித்து ரிப்பன் விழாவை நிறுத்தினார்கள். 1974இல் ஆட்சி கவிழ்ந்தது. அதன் பிறகு இந்த உடுப்பே பழைய ஆட்சியின் மிச்சம் என்று பலருக்குப் பட்டது. விழா திரும்ப வந்தது 1980இல்தான். "அந்தப் பத்து வருஷமும் அப்பா கல்யாணக் கோட்டு தைத்துத்தான் எங்களை வளர்த்தார். இந்த மடிப்புப் போடுகிற கை அவருக்கு மறந்தேபோயிருந்தது. பழைய அங்கி ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்" என்றார். பல்கலைக்கழக வரலாற்று நூல்கள் 1969ஐப் பற்றி நிறையப் பேசும். இந்தப் பிரித்துப் பார்த்த அங்கி எந்தப் பக்கத்திலும் வராது.

இரவில் மாணவி தன் துறையினர் ரிப்பன் விழா ஊர்வலத்துக்கான வண்டியை அலங்கரிக்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். இங்கே கூலிக்கு ஆளில்லை, மாணவர்களே வேலைக்காரர்கள். ஊதா நிற மென்காகிதத்தை அடுக்கி, விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் கம்பியால் கட்டி, ஒவ்வொரு தாளாகப் பிரித்துவிட்டால் பூ. கம்பி வலையில் பூக்களை நெருக்கிக் கட்டி வண்டி முழுவதையும் மூடுகிறார்கள். நானும் கொஞ்சம் கட்டினேன். ஒரு பெண் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டியின் பின்பக்கம், கீழே வைத்தாள்.

விழாவின் முதல் இரவு பழைய பேராலயப் படிக்கட்டில் கோயிம்ப்ரா ஃபாடோ இசை. லிஸ்பன் கிதாரை விட ஒரு சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்த கிதார்கள். கைதட்டும் வழக்கம் இல்லை. பாட்டு பிடித்திருந்தால் தொண்டையைச் செருமுவது பழைய மரியாதை. நள்ளிரவில் அத்தனை பேரும் அங்கியை இழுத்து மூடி வெள்ளைச் சட்டை தெரியாமல் நிற்பார்கள். ஊர்வல நாளில் இந்த அடக்கம் எதுவும் கிடையாது. காலையில் மெல்லிய ரிப்பனை மூத்திரச் சட்டியில் போட்டு எரிக்கிறார்கள். நிஜமாகவே மூத்திரச் சட்டிதான், கேலி அவர்களுக்கு முக்கியம். இறுதி ஆண்டுக்காரர்கள் துறை நிறத்தில் நெட்டைத் தொப்பியும் கைத்தடியுமாக, வண்டிகளோடு மேட்டிலிருந்து கீழ்நகரம் வரை பீரை இறைத்துக்கொண்டு வருகிறார்கள். இத்தனை வாரம் மடித்துக் கட்டிய காகிதப் பூக்கள் நனைந்து சாயம் இறங்கி, தெருவெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாக ஓடியது.

கடைசித் தேர்வும் முடிந்தவர்களுக்கு இன்னொன்று பாக்கி. நண்பர்கள் சூழ்ந்துகொண்டு உடுப்பு முழுவதையும் கிழித்தெறிவார்கள். கழுத்துப்பட்டை, டை, மணிக்கட்டுப் பட்டைகள் மிஞ்சும். அங்கியைத் தொடமாட்டார்கள், மானம் காப்பது அதுதான். பட்டதாரி அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

இப்படிக் கிழித்துப் போடுகிறார்களே, வருத்தமாக இல்லையா என்று தையல்காரரிடம் கேட்டேன். இதைக் கேட்கும் முதல் ஆள் நான் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கோட்டு கிழியட்டும், அதற்குத்தான் தைக்கிறேன். எனக்கு வருத்தம் பாலியெஸ்டர்மேல்தான்" என்றார். இப்போது பாதிப் பேர் வாங்குவது ரெடிமேட். விலை குறைவு, கனமும் குறைவு. அவர் சொல்லும் நல்ல கம்பளித் துணியைப் பல்லால் கடித்து ஒரு இழு இழுத்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். அங்கியின் ஓரத்தைப் பல்லால்தான் கிழிக்கவேண்டும், கத்தரி ஆகாது. பாலியெஸ்டர் பல்லுக்கு மசிவதில்லை. அம்மாக்களும் பாட்டிகளும் கடித்துத் திணறுகிறார்கள். அதனால் விழாவுக்கு முந்தின வாரம் ரெடிமேட் வாங்கிய பிள்ளைகள் இவரிடம் வருகிறார்கள், யாருக்கும் தெரியாமல் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுக் கொடுக்கச் சொல்லி.

"போட்டுக் கொடுப்பீர்களா?"

"கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. அதை எப்படி பில் போடுவது?" என்றார்.