'செவரலி' என்றொரு சொல்

வங்கி வேலையில் இருந்தவரை நான் அடிக்கடி பார்த்த ஆங்கிலச் சொல் 'செவரலி'. கடன் பத்திரங்களில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று ஜோடியாகத்தான் வரும். வங்கிக்கும் வக்கீல் ஆபீசுக்கும் வெளியே யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

'செவரல்' என்றால் 'பல' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த ஞாபகத்தில் 'செவரலி' என்பதற்குப் 'பலராகச் சேர்ந்து' என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். உண்மையான பொருள் 'தனித்தனியாக'. 'செவரல்' என்ற சொல்லுக்கே முதலில் 'தனியான' என்றுதான் பொருள். 'பல' என்பது பிறகு வந்தது. விருந்துக்கு வந்தவர்கள் 'செவரலி' வீடு திரும்பினார்கள் என்று எழுதினால், கும்பலாகப் போகவில்லை, அவரவர் தனியாகப் போனார்கள் என்று அர்த்தம்.

எங்கள் கிளைக்கு ஒரு வாத்தியார் நோட்டீசும் கையுமாக வந்தார். கூட வேலை பார்த்தவரின் கடனுக்கு மூன்று பேர் ஜாமீன் போட்டிருந்தார்கள். கடன் வாங்கியவர் ஊரிலேயே இல்லை.

"மூணு பேர் இருக்கோமே சார், என் பங்கு மூணுல ஒண்ணுதானே?" என்றார்.

பத்திரத்தில் அந்தச் சொல்லைக் காட்டி விளக்கினேன். 'ஜாயின்ட்லி' என்றால் மூவரும் சேர்ந்து பொறுப்பு. 'செவரலி' என்றால் ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. வங்கி யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். மாதச் சம்பளம் வாங்குகிறவரிடம்தான் முதலில் கேட்பார்கள். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்திலிருந்துதான் கட்டினார்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 அவருக்கு ஒரு வழி வைத்திருந்தது. 128-ஆம் பிரிவு ஜாமீன்தாரரைக் கடனாளிக்குச் சமமாகப் பொறுப்பாக்குகிறது. ஆனால் 146-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கட்டியவர் மற்றவர்களிடம் அவர்கள் பங்கைக் கேட்கலாம். வாத்தியாருக்கு ஒருவர் கொடுத்தார், இன்னொருவர் இழுத்தடித்தார்.

பென்ஷன் வாங்கும் நம்மைத் தேடி இன்றும் ஜாமீன் கையெழுத்துக்கு வருகிறார்கள். போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன்; உறவென்றால் தட்ட முடியாது. பேனாவை எடுக்கும் முன் பத்திரத்தில் 'செவரலி' இருக்கிறதா பாருங்கள். இருந்தால், முழுத்தொகையையும் நாம் ஒருவரே கட்ட நேர்ந்தால் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாங்கும் என்றால் மட்டும் கையெழுத்திடுங்கள்.