சூரியனுக்கு யார் எண்ணெய் ஊற்றுவது?

மும்பையில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறவனுக்கு வருஷத்தில் பாதிதான் வேலை. மழைக்காலம் போக மிஞ்சுவதைப் புகையும் தெருவிளக்கும் பங்கு போட்டுக்கொள்ளும். சனியின் வளையத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குவது சுலபம். நட்சத்திரம் பிறக்கும் இடத்தைக் காட்டுவதுதான் பாடு.

செம்பூரில் பிப்ரவரி இரவு எட்டரைக்கு ஓரியன் நன்றாக உயர்ந்து நிற்கும். இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், கீழே தொங்கும் வாளின் நடுவே ஒரு மங்கல். ஆறு அங்குலத் தொலைநோக்கியில் அது சாம்பல் நிறத் தீற்றல், உள்ளே நெருக்கமாக நான்கு புள்ளிகள். புகைப்படத்தில் பார்த்த சிவப்பும் ஊதாவும் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். "நேராப் பாக்காதே, கொஞ்சம் ஓரமாப் பாரு" என்பேன். மங்கலான ஒளியை விழித்திரையின் நடுவைவிடச் சுற்றுப்பகுதிதான் நன்றாகப் பிடிக்கும். சற்று நேரத்தில் தீற்றல் இறக்கை விரிக்கும்.

சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாயு மேகம் அது. பெரும்பகுதி ஹைட்ரஜன். மேகம் குளிர்ந்தால்தான் நட்சத்திரம் பிறக்கும். சூடான வாயு ஈர்ப்புக்கு அடங்காமல் விரியும். குளிர்ந்த திரட்டு தன் எடையாலேயே சுருங்கி, சுருங்கச் சுருங்கச் சூடேறி, மையம் ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் பிணையத் தொடங்குகிறது. பிரசவம் நடப்பது தூசித் திரைக்குப் பின்னால். அதைப் பார்க்க அகச்சிவப்பு வேண்டும். கொலாபாவிலுள்ள டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஹைதராபாத்திலிருந்து பலூனில் ஒரு மீட்டர் தொலைநோக்கியை ஏற்றி அனுப்பியது இதற்காகத்தான்.

நான் தொலைநோக்கி வைக்கும் மாடியிலிருந்து பார்த்தால் மாகுல் எண்ணெய் ஆலையின் நெருப்பு தெரியும். அதைக் காட்டி, தாராவியிலிருந்து வந்த பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, சூரியனுக்கு யாரு எண்ணெய் ஊத்துதா?"

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் திணறிய கேள்வி. சூரியன் நிலக்கரியாக இருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் சாம்பல். சுருங்குவதால் மட்டும் வெப்பம் வந்தாலும் சில கோடி ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. 1920இல் வானியலாளர் எடிங்டன் ஹைட்ரஜன் ஹீலியமாவதைச் சுட்டினார். 1939இல் இயற்பியலாளர் பெத்தே அதன் படிகளை எழுதிக் காட்டினார். நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒரு ஹீலியமாகும்போது எடையில் 0.7 சதவீதம் குறைகிறது. குறைந்தது ஆற்றலாகிறது. நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படிப் போகிறது.

இங்கே நிறுத்திவிட்டால் கெட்டது. பக்கத்திலேயே டிராம்பே அணு ஆராய்ச்சி மையம்; அணுசக்தி நகர்ப் பிள்ளைகள் உடனே "ஹைட்ரஜன் பாம்!" என்பார்கள். அதனால் இன்னொரு கணக்கும் சொல்வேன். சூரியனின் நட்டநடு மையத்தில் ஒரு கன மீட்டரில் உண்டாவது 300 வாட்டுக்கும் குறைவு, நாலு மின்விசிறி ஓடும். எடைக்கு எடை பார்த்தால் நம் உடம்பு சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பம் தருகிறது. யாரும் நம்புவதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த நிமிஷமே அதுதான்.

சூரியன் இவ்வளவு மந்தமாக எரியக் காரணம், புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள், ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. ஒன்றரைக் கோடி டிகிரியிலும் முட்டி நுழையத் தெம்பு போதாது. குவாண்டம் விதியின் தயவில் எப்போதாவது ஒரு ஜோடி சேரும், அதே கணத்தில் ஒன்று நியூட்ரானாக மாறவும் வேண்டும். ஒரு புரோட்டானின் காத்திருப்பு சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டு. இந்த மந்தம்தான் சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு ஆயுசு கொடுத்தது; 460 கோடி போய்விட்டது. மையம் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினால் விரிந்து, ஆறி, வேகம் தணிகிறது. குண்டுக்கு அந்த அடக்கம் கிடையாது.

எடை மிகுந்த நட்சத்திரங்கள் ஊதாரிகள். ஓரியனின் தோளில் செக்கச்சிவந்திருக்கும் திருவாதிரை ஒரு கோடி ஆண்டு வாக்கிலேயே மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டது. 2019 கடைசியில் அது திடீரென மங்கியபோது வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பார்த்தது. தூசி மறைத்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. வெடிப்பது நிச்சயம். ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும்.

"அப்போ மார்கழிக் களி?" என்றார் வரிசையில் நின்ற மாட்டுங்கா மாமி. வெடித்தால் சில மாதம் பகலிலேயே தெரியும், பிறகு அந்த இடம் காலி என்றேன். "அதைப் பஞ்சாங்கக்காரன் பார்த்துப்பான், நீ தள்ளு" என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார்.