ஒருவர் சம்பளம், இரண்டு வீடு

தோழர்களே, ஆறு மாதமாக நாங்கள் இருவரும் ஒரே கேள்வியோடு திரிகிறோம். கைநிறையச் சம்பளம் தரும் கார்ப்பரேட் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஆலோசனைத் தொழிலில் இறங்கலாமா?

ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே அறையில் இருந்து படித்தவர்கள் நாங்கள். வளாக நேர்காணலுக்கு ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனோம். இன்று பதினாறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்குக் கணக்கு, சரக்கு இருப்பு மென்பொருள் நிறுவுவது எங்கள் வேலை. நாங்கள் பழக்கிவிட்டவர்கள் எங்களுக்கே மேலாளர்களாகிவிட்டார்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. ஏன் என்று கேட்கவும் இடமில்லை. சொந்த நிறுவனம் என்றால் நம் விடுதிப் பிள்ளைகள் நாலு பேருக்காவது வேலை கொடுக்கலாம். ஆசை அதுதான்.

ஏற்கெனவே வேலையை விட்டுப் போன சக ஊழியர் ஒருவரிடம் யோசனை கேட்டோம். "ஆர்டர் தானா வரும்பா. எனக்கு முதல் ஆர்டர் மாமா கம்பெனி, ரெண்டாவது மனைவியோட சித்தப்பா மில்லு" என்றார். வெகு இயல்பாகச் சொன்னார். அன்றிரவு எங்கள் சொந்தபந்தங்களை எண்ணிப் பார்த்தோம். சத்துணவு அமைப்பாளர், பேருந்து நடத்துநர், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், ஒரு ஆசிரியர். மில் எதுவும் இல்லை.

ஆலோசனைத் தொழிலில் அறிவை விற்கிறோம் என்பார்கள். அறிவைக் காட்டுவதற்கு முன் அறிமுகம் வேண்டும். அறிமுகம் இங்கே பெரும்பாலும் சாதி வழியாகத்தான் ஓடுகிறது.

அண்ணல் அம்பேத்கரும் இந்தத் தொழிலைச் செய்து பார்த்தவர்தான். 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனவருக்குத் தங்க இடம் கிடைக்காமல் பம்பாய் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே பங்குச்சந்தை முதலீட்டு ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர் அவர். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். பிறகு 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடனும் உதவியும் பெற்று, 1920இல் மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். சம்பளத்தை அவர் கேவலமாக நினைக்கவில்லை. அடுத்த அடிக்கான முதலாக்கினார்.

எனவே கணக்குப் போட்டோம். வேலையை விட்டால் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு போகும், மருத்துவக் காப்பீடு போகும். வருட வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், பில் போட்டுவிட்டால் பணம் கைக்கு வராவிட்டாலும் வரி கட்டியாக வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் முதல் வாடிக்கையாளர் மேலேயே புகார் கொடுத்துவிட்டு இரண்டாவது வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?

எங்களில் ஒருவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. சிகிச்சை நிறுவனக் காப்பீட்டில் நடக்கிறது. இன்னொருவருக்கு வீட்டுக் கடன், நர்சிங் படிக்கும் தங்கை. ஊரில் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தின் வாடகையும் எங்கள் சம்பளம்தான். எங்கள் சம்பளத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அப்போதுதான் முழுதாகப் பார்த்தோம்.

ஒருவழியாக முடிவெடுத்தோம். இருவரும் விடப்போவதில்லை. அம்மாவின் காப்பீட்டைச் சுமப்பவர் வேலையில் நீடிப்பார். மற்றவர் வெளியே போவார். பதினெட்டு மாதம் ஒரு சம்பளம் இரண்டு வீட்டையும், சேமிப்பு வீட்டுக் கடனையும் பார்த்துக்கொள்ளும். படிப்பக வாடகையில் கைவைப்பதில்லை. அதற்குள் மூன்று நிலையான வாடிக்கையாளர்கள் கிடைக்காவிட்டால், வெட்கப்படாமல் மறுபடியும் வேலை தேடுவது. யாராவது "நீங்க எந்த ஊரு, யாரு ஆளு?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வது.

கோபத்தில் வேலையை விடாதீர்கள், தோழர்களே. பயத்தில் ஒட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். மற்றவர்களுக்கு மாமாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். நமக்கு அந்த இடத்தில் இருப்பது சேமிப்பும், ஒரே ஷூவை மாற்றிப் போட்ட தோழரும்தான்.